ஒற்றை பூட்ஸ்

பதினோரு வருஷமாய் அதே பெஞ்ச்.
நீதிபதி வீட்டுக் கணப்பில் அதே ஈர விறகு, அதே புகை.
ரெப் கெட்சலின் பெண்டாட்டி ஃப்ரூமெட் நான்.
தாலியறுத்தவள் கணக்கிலும் இல்லை,
வாழ்கிறவள் கணக்கிலும் இல்லை.
அவர் செத்ததைப் பார்த்த ஒருவன் வந்தால்
எனக்கு விடுதலை.
வருகிறவர்களோ எல்லாரும்
உயிரோடு பார்த்தவர்கள்.

மெழுகுவர்த்திக்கார நோசன் சொன்னார்:
வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம்,
தாடியில் பனிக்கட்டியோடு வாசலில் நின்றார்.
என் ஊமை மகளுக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்தார்.
அவள் வாய் திறந்து "உப்பு" என்றாள்.

கோழி அறுக்கும் பெய்ரிஷ் பதறி எழுந்தார்:
அதே வெள்ளி, அதே நேரம்,
முப்பது காதம் தள்ளி என் அடுப்படியில் இருந்தார்.
என் கத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு
விடியும்வரை அழுதார்.

அறை முழுக்க எழுந்து நின்றது.
ஒரே மாலையில் இரண்டு ஊர்!
எழுத்தர் இறகுப் பேனாவைக் கீழே விட்டார்.
எனக்குத் தோன்றியது இதுதான்:
இரண்டு ஊரில் இருக்க முடிந்த மனுஷன்
மூன்றாவதாய் வீட்டுக்கும் வந்திருக்கலாம்.
அங்கேயும் ரொட்டி இருந்தது. உப்பு இருந்தது.

உலகம் படைக்கப்பட்டபோது சிதறிய தீப்பொறிகள்
சேற்றிலும் சாராயக்கடையிலும் கிடக்கின்றனவாம்.
பொறுக்கி மேலே அனுப்பவேண்டுமாம்.
அப்படிச் சொல்லித்தான் கிளம்பினார்,
நான் கடன் வாங்கித் தைத்த புது பூட்ஸ் போட்டுக்கொண்டு.
அன்றைக்கு என் அடுப்பு அணைந்து கிடந்தது.
அதைக் குனிந்து பார்த்தாரா, நினைவில்லை.

பிறகெல்லாம் காற்றில் வந்த சேதி.
குதிரை லாயத்தில் படுத்தார், குதிரைகளோடு ஜெபித்தார்.
கடன்காரன் ஒருவனுக்காகத் தானே சிறைக்குப் போனார்.
மேலுலகத்திலிருந்து ஒரு ராகம் இறக்கினார்,
சொல்லே இல்லாத ராகம்.
நான்கு ஊரில் கண்மூடிப் பாடுகிறார்கள்.
நான் பெண், ஜெபக்கூடத்துச் சுவருக்கு இந்தப் பக்கம்.
என் காதுக்கு வந்தது வெறும் முழக்கம்.

அந்த வியாழக்கிழமை
கெண்டை மீன் கூடையோடு ஒனுஃப்ரி வந்தான்.
நீஸ்டர் ஆற்றுப் படகுக்காரன், சிலுவை போட்டவன்.
விலை பேசும்போது சலித்துக்கொண்டான்:
"உங்க ஆளுங்க கூலி குறைக்கிறதில கில்லாடிங்க.
மூணு வருஷம் முன்னே ஒருத்தன், கெட்சலாம் பேரு,
ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால்ல மரப்பட்டைச் செருப்பு.
காசுக்குப் பதிலா பாடுறேன்னான்.
நடு ஆத்தில உட்கார்ந்தபடியே செத்துட்டான்.
கூலியும் போச்சு,
குழி வெட்டுற வேலையும் என் தலையில."

நீதிபதியின் கை சட்டென உயர்ந்தது, என்னைப் பார்த்து.
விதி எனக்குத் தெரியும்.
வேற்றுச் சாதிக்காரன் பேச்சோடு பேச்சாய் உதிர்த்தால்
அது சாட்சி.
நாம் கேட்டு அவன் சொன்னால் வெறும் வாய்.
முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டேன்.
ஒற்றை பூட்ஸைத் தானம் கொடுப்பவர்
இந்தப் பூமியில் வேறு யார்?
எங்கே புதைத்தாய்? வலித்ததா? என் பெயர் சொன்னாரா?
ஒவ்வொன்றாய் விழுங்கினேன்.
ஒனுஃப்ரி மீனை நிறுத்தான், காசை எண்ணினான், போனான்.
நீதிபதி கையெழுத்துப் போட்டார்.

முப்பது நாள் தாண்டித் தெரியவந்த சாவுக்கு
ஒரு மணி நேரத் துக்கம் போதுமாம்.
பதினோரு வருஷத்துக்கு ஒரு மணி.
காலணி கழற்றித் தரையில் உட்கார்ந்தேன்.
முடிந்ததும் நேரே ஆற்றுக்குப் போனேன்.

இரண்டு பேர் கூலி கொடுத்தேன்.
ஒனுஃப்ரி புரியாமல் வாங்கிக்கொண்டான்.
இனி நான் கேட்கலாம்.
கேட்டது ஒன்றுதான்: என்ன பாடினார்?

துடுப்பை நிறுத்தி, மூக்கைச் சிந்தி,
கரகரத்த தொண்டையில் எடுத்தான்.
நான்கு ஊர் கண்மூடும் அந்த ராகம்
சாயங்காலம் குட்டையிலிருந்து
வாத்துகளைக் கூப்பிட நான் போடும் சத்தம்.

மூன்றாம் இடத்தில் இறங்கவேண்டியது,
அவன் ஏறினான்.
கெட்சலும் அங்கேதான் எப்போதும் தப்பாய் ஏறுவார்.
நான் திருத்தவில்லை.
இன்னொரு தடவை, என்றேன்.